கம்ப்யூட்டருக்குள் தூசி தட்டுவது எப்படி

விசிறி இரைச்சல் கூடினாலோ, பெரிய வேலை எதுவும் ஓடாதபோதே கம்ப்யூட்டர் சூடேறித் தானாக அணைந்தாலோ முதலில் தூசியைச் சந்தேகியுங்கள். ஆனால் அவசரமாகத் துடைத்து போர்டைக் (சிப்புகள் பொருந்தியிருக்கும் முக்கியப் பலகையைக்) கெடுப்பதைவிடத் தூசியை அப்படியே விட்டுவைப்பதே மேல்.

ஷட் டவுன் செய்து, பின்னாலுள்ள பவர் சப்ளை (மின்கேபிள் செருகும் பெட்டி) சுவிட்சை அணைத்து, கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்தால் போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய்ப் பக்க மூடியைத் திறங்கள். உள்ளே கைவைக்கும் முன் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். அவ்வப்போது மறுபடி தொடுங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சிப்பைப் பதம்பார்க்கும். சாதாரண வாக்குவம் கிளீனர் வேண்டாம் என்பதும் அதனால்தான். அதன் பிளாஸ்டிக் முனையிலும் நிலைமின்சாரம் சேரும்.

காற்று கேனை (தூசி ஊதும் ஸ்ப்ரேயை) நிமிர்த்தியே பிடித்து, 15 செ.மீ. தள்ளி, ஓரிரு விநாடி விட்டுவிட்டு ஊதுங்கள். சாய்த்தால் உறைகுளிர் திரவம் பீய்ச்சி போர்டில் ஈரம் படியும். வாயால் ஊதினால் எச்சில்தான் தெறிக்கும். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் தேயும். மோட்டார் ஜெனரேட்டர்போல் மாறி போர்டுக்குள் மின்சாரத்தையும் அனுப்பலாம்.

உண்மையான வில்லன் பிராசஸர் விசிறிக்கு அடியில் இருக்கிறது. பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு மேல் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். மேலிருந்து ஊதினால் அது இன்னும் இறுகும். விசிறியை மட்டும் தனியாகக் கழற்ற முடிந்தால் கழற்றி, அந்தப் படலத்தைக் கையால் உரித்துவிட்டு, மிச்சத்தை மென்மையான பிரஷால் தட்டுங்கள். ஹீட்சிங்கை அசைக்காதீர்கள். அசைந்தால், பிராசஸருக்கும் அதற்கும் இடையே சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக, பட்டாணி அளவு வைக்க வேண்டியிருக்கும்.

பவர் சப்ளையை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும். முன்பக்க ஃபில்டரைத் தண்ணீரில் கழுவலாம். நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள்.

விசிறியைக் கழற்றியிருந்தால் அதன் வயரை போர்டில் முன்பு மாட்டியிருந்த அதே இணைப்பு ஊசிகளிலேயே செருகுங்கள். மூடும் முன் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். விசிறிகள் எல்லாம் சுழல வேண்டும், வயர் எதுவும் இறக்கையில் உரசக் கூடாது. திரையில் எதுவும் வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால் பதற வேண்டாம். பெரும்பாலும் ராம் (மெமரி அட்டை) தளர்ந்திருக்கும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ராமைக் கழற்றி, கிளிக் சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுங்கள்.