ஒரே பயணம், இரண்டு சராசரி: சைக்கிள் ஜிபிஎஸ் வேகத்தை எப்படிக் கணக்கிடுகிறது

ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் மாமல்லபுரம் போய்விட்டுத் திருவான்மியூர் திரும்பினோம். கூட வந்த தம்பி தன் ஜிபிஎஸ் கருவியை என் கருவிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவனுடையதில் சராசரி வேகம் மணிக்கு 25.0 கிலோமீட்டர், என்னுடையதில் 20.0. "அண்ணா, ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வந்தோம்? உங்க மெஷின் ரிப்பேரா?" என்று கேட்டான்.

இரண்டு கருவியும் சரியாகத்தான் இருந்தன. புதிதாக ஜிபிஎஸ் வாங்குகிற எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சராசரி வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுத்தால் வருவது. எந்த நேரத்தால் வகுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அன்று நாங்கள் ஓட்டியது 88 கிலோமீட்டர். சக்கரம் உருண்ட நேரம் 3 மணி 31 நிமிடம். கிளம்பியதிலிருந்து வந்து சேரும்வரை கடிகாரத்தில் ஓடிய நேரம் 4 மணி 24 நிமிடம். நடுவில் போன 53 நிமிடத்தில் பொங்கல், கோவளத்தில் இளநீர், ஒரு பஞ்சர், அப்புறம் சிக்னல்கள். 88-ஐ முதல் நேரத்தால் வகுத்தால் 25, இரண்டாவதால் வகுத்தால் 20. அவன் கருவியில் ஆட்டோ பாஸ் போட்டிருந்தான், அதாவது வண்டி நின்றால் கருவியின் கடிகாரமும் தானாக நின்றுவிடும். நான் அதை அணைத்து வைத்திருந்தேன்.

அதனால் முதல் வேலையாக உங்கள் கருவியின் அமைப்புகளுக்குள் போய் ஆட்டோ பாஸ் இருக்கிறதா, எந்த வேகத்துக்குக் கீழே போனால் நிற்கும் என்று வைத்திருக்கிறது, இரண்டையும் பாருங்கள். பல கருவிகளில் அந்த வேகத்தை நாமே மாற்றலாம். அதை ஒருபோதும் அதிகமாக வைக்காதீர்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் நான் மணிக்கு 7 கிலோமீட்டரில் ஏறுகிற இடங்கள் உண்டு. 8 என்று வைத்திருந்தால், உயிரைக் கொடுத்து மிதித்த அந்த நிமிடங்கள் முழுக்கக் கணக்கிலிருந்து போய்விடும். சராசரி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது நீங்கள் ஏறிய மலையின் சராசரி இல்லை. 'நின்றால் மட்டும்' என்ற தேர்வு இருந்தால் அதையே வையுங்கள்.

எப்போது எதைப் பார்ப்பது? கால் எவ்வளவு தேறியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் உருண்ட நேரத்துச் சராசரி போதும். எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருவோம், கெடுவுக்குள் முடிப்போமா என்றால் மொத்த நேரம்தான்.

இதை நான் என் முதல் 200 கிலோமீட்டர் பிஆர்எம்-இல், அதாவது கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணத்தில், கற்றுக்கொண்டேன். இந்த நெடுந்தூரப் பயணங்களில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27 மணி நேரம் என்று கெடு உண்டு. சாப்பிட்டாலும் தூங்கினாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. வழியில் உள்ள சோதனைச் சாவடிகளுக்கும் தனித்தனிக் கெடு உண்டு, 100-வது கிலோமீட்டரில் என்றால் 6 மணி 40 நிமிடம். அன்று ஆட்டோ பாஸ் போட்டிருந்ததால் என் திரை சராசரி 23 என்று காட்டிக்கொண்டே இருந்தது. 15 போதுமே என்ற நிம்மதியில் நிதானமாக இட்லி சாப்பிட்டேன். இரண்டு பஞ்சர், வேலை செய்யாத ஒரு பம்ப், இன்னொருவரிடம் பம்ப் வாங்கக் காத்திருந்தது. சாவடிக்குப் போனபோது கெடு முடிய 8 நிமிடம்தான் பாக்கி. திரையில் அப்போதும் 23. கிளம்பியதிலிருந்து கணக்குப் போட்டால் 15-ஐக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தேன். அங்கே நின்றபோது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து திரையில் மூன்று கட்டங்களைத் தவறாமல் வைக்கிறேன்: தூரம், சராசரி வேகம், மொத்தம் கடந்த நேரம். பிஆர்எம்-இல் மனக்கணக்கு சுலபம். கடந்த மணிகளை 15-ஆல் பெருக்குங்கள், திரையில் உள்ள தூரம் அதைவிட எவ்வளவு அதிகமோ அதுதான் கையிருப்பு.

சரி, தூரமும் வேகமும் கருவிக்கு எப்படித் தெரிகிறது? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துக் கருவி தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. திறந்த வானத்தில் சில மீட்டர் பிசகு இருக்கும். இந்தப் புள்ளிகளைக் கோர்த்து, இடையில் உள்ள தூரங்களைக் கூட்டினால் மொத்தத் தூரம். இந்த நொடியின் வேகத்தைப் பெரும்பாலும் வேறு வழியில் அறிகிறது. ரயில் நம்மைக் கடந்து போகும்போது ஹாரன் ஒலியின் சுருதி இறங்குகிறதே, அதேபோல் சமிக்ஞையின் அதிர்வெண்ணில் வரும் மாற்றத்தை அளக்கிறது.

புள்ளிகள் நெருக்கமாக இருந்தால்தான் தூரம் சரியாக வரும். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறோம். ஐந்து நொடிக்கு ஒரு புள்ளி என்றால் 40 மீட்டருக்கு மேல் இடைவெளி, கொண்டை ஊசி வளைவைக் கருவி நேர்கோடாக வெட்டிவிடும். எனவே பதிவு இடைவெளியை ஒரு நொடி என்று மாற்றுங்கள். கிளம்பும் முன் மொட்டை மாடியிலோ திறந்த சாலையிலோ சில நிமிடம் வைத்து, செயற்கைக்கோள் பிடித்த பிறகே பதிவைத் தொடங்குங்கள். மேம்பாலத்தின் அடியில் நின்று தொடங்க வேண்டாம்.

நிற்கும்போது வேறொரு தொல்லை. ஆட்டோ பாஸ் இல்லாமல் கருவியைத் தகரக் கூரை போட்ட டீக்கடைக்குள் எடுத்துப்போய் மேசையில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பெரிதாக்கினால் கடை இருந்த இடத்தில் நூல்கண்டு பிரிந்த மாதிரி கோடுகள். அசையாமல் இருந்த கருவி சில நூறு மீட்டர் நடந்ததாக எழுதியிருந்தது. கடைக்குள் போவதென்றால் பதிவைக் கையால் நிறுத்தி வையுங்கள். மொத்தம் கடந்த நேரம் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மரம் மூடிய சாலையிலும் மலையிலும் அதிகம் ஓட்டுபவர்கள் சக்கர சென்சார் வாங்கலாம். அது சுற்றுகளை எண்ணும், வானத்தை நம்பாது. ஆனால் சக்கரச் சுற்றளவைச் சரியாகக் கொடுக்க வேண்டும். நான் 25 மில்லிமீட்டர் அகல டயரிலிருந்து 32-க்கு மாறியபோது கருவியில் சுற்றளவு 2105 மில்லிமீட்டர் என்ற பழைய எண்ணே கிடந்தது. காற்றை வழக்கமான அளவுக்கு அடித்து, டியூப் வால்வு தரையைப் பார்க்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்து மூன்று சுற்று நேராக உருட்டினேன். உட்கார்ந்துதான் உருட்ட வேண்டும், எடையில் டயர் அமுங்கும். டேப்பில் 6 மீட்டர் 46 சென்டிமீட்டர் வந்தது. மூன்றால் வகுத்தால் 2153 மில்லிமீட்டர். பழைய எண்ணோடு ஓட்டியிருந்தால் அந்த 88 கிலோமீட்டர் 86 ஆகவும், 25 என்ற சராசரி 24.4 ஆகவும் குறைந்திருக்கும்.

சராசரிகளைக் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போகும்போது காற்று முதுகில், சராசரி 30. திரும்பும்போது எதிர்காற்றில் 21.4. தம்பி 25.7 என்று எதிர்பார்த்தான், திரை 25.0 என்றது. மெதுவாகப் போகும் பாதிக்கு அதிக நேரம் செலவாகிறது, அதனால் அதன் கை ஓங்கும். எதிர்காற்றில் இழந்ததைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது.

பயணங்களைப் பதிவுசெய்து பகிரும் ஸ்ட்ராவா செயலியில் ஏற்றியபின் எண் கொஞ்சம் மாறினால் பதற வேண்டாம். உருண்ட நேரத்தை அது தன் கணக்கில் மறுபடி எடுக்கிறது. அதே செயலியில் செக்மென்ட்டுகளுக்கு, அதாவது பலரின் நேரத்தையும் ஒப்பிடக் குறித்து வைத்த சாலைத் துண்டுகளுக்கு, மட்டும் கடந்த நேரம்தான் கணக்கு, நடுவில் சிவப்பு விளக்கில் நின்றது உட்பட.

சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு வருபவர்கள் கிளம்பும் முன் பதிவை முடித்துவிடுங்கள். மறந்தால் நெடுஞ்சாலையின் 80 கிலோமீட்டர் வேகம் உங்கள் சராசரியில் சேர்ந்துவிடும். அப்படி ஆகிவிட்டால், ஸ்ட்ராவாவில் பதிவின் முனைகளை வெட்டும் வசதி இருக்கிறது. வண்டியை ஏற்றிய இடம்வரை வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிடலாம்.