குளத்தடி ஊருக்கு ஒரு மழைக்கொப்பி: போத்தலில் மழைமானி செய்யும் முறை

வன்னியில் கமக்காரர் கூட்டம் தொடங்கினால் ஒருவராவது சொல்லுவார்: "முந்தி மாதிரி மழை இல்லை." "போன மாரி குளம் நிரம்பி வான் பாய்ஞ்சதே!" என்று பின்வாங்கிலிருந்து மறுப்பு வரும். இரண்டு பேரும் சரிதான். 1 பாகை செல்சியஸ் சூடு கூடினால் காற்று ஏறக்குறைய 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்ததும், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதும் நினைவிருக்கும். ஒரு வெள்ளத்தைக் காட்டி இதுதான் காலநிலை மாற்றம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் கணக்கு வேணும்.

1. வெட்டுங்கள். 1.5 லீற்றர் போத்தல், இடுப்பு ஒடுங்காததாக. (சோடாப் போத்தலில் பாதி இடுப்பு ஒடுங்கியதுதான், பார்த்து எடுங்கள்.) தோள் முடிகிற இடத்தில் வெட்டி, மூடியைக் கழற்றி, மேல்துண்டைத் தலைகீழாகப் புனல் போல உள்ளே இறக்குங்கள்.

2. பூச்சியக் கோடு. அடிப்பகுதி நேராக இராது. அதனால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, சுவர் நேராகத் தொடங்கும் உயரம் வரை தண்ணீர் ஊற்றிக் கோடு கீறுங்கள். அடிமட்டத்தின் (அளவுகோலின்) 0 அந்தக் கோட்டில் நிற்கும்படி வெளியே ஒட்டுங்கள்.

3. இடம். மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, வெளியான முற்றத்தில் வையுங்கள். மண் நிரப்பிய வாளிக்குள் புதைத்தால் சரியாது. என் முதல் போத்தலை ஆடு தட்டிவிட்டது. கார்த்திகை மாதக் கணக்கே போச்சு. இப்போது சுற்றிவர முட்கம்பி.

4. வாசிப்பு. தினமும் காலை 8.30. வளிமண்டலவியல் திணைக்களம் நாள் மழையைக் கணக்கெடுப்பதும் அந்த நேரத்தில்தான், ஒப்பிட வசதி. கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்து எழுதுங்கள். பிறகு தண்ணீரைப் பூச்சியக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். வெயிலில் குறைந்திருந்தால் ஊற்றுங்கள், கூடியிருந்தால் வடியுங்கள். அடைமழை இரவில் படுக்கமுன் ஒருமுறை வாசித்து எழுதி, பூச்சியக் கோடு வரை வடிக்காவிட்டால் போத்தல் வழிந்துவிடும். மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுதத்தான் வேணும். வெற்றுக்கட்டம் விட்டால் மழை இல்லையா, நீங்கள் வீட்டில் இல்லையா என்று பிறகு தெரியாது.

5. இரண்டு எண். மாத முடிவில் மொத்தத்தையும், மழை பெய்த நாட்களின் தொகையையும் எடுங்கள். 300 மில்லிமீற்றர் 20 நாளில் வந்தால் நாளுக்கு 15, வயல் குடிக்கும். அதே 300 மூன்றே நாளில் வந்தால் நாளுக்கு 100, குளக்கட்டுக்கு ஆபத்து. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி "நல்ல மாரி"தான்!

6. ஊரோடு. குளத்துக்கு நீர் வரும் காட்டோரம், குளக்கட்டு, கடைசி வாய்க்கால் என மூன்று இடத்தில் போத்தல் வையுங்கள். காட்டோரத்தில் பொழுதுபடவே 80 மில்லிமீற்றர் தாண்டினால் கட்டடியில் இருப்பவருக்குத் தொலைபேசி போக வேணும். மாரிக்கு முன் வான் வாய்க்காலில் (குளத்தின் மிகை நீர் வழியும் வாய்க்கால்) பற்றை வெட்டும் சிரமதானத்தைப் போன வருடக் கொப்பியைக் காட்டித்தான் நான் கேட்பேன். சிறுபோகக் (கோடைப் பயிர்) கூட்டத்தில் எத்தனை ஏக்கர், மூன்று மாத நெல்லா உழுந்தா பயறா என்று பேசும்போதும் குளத்து நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் இந்தக் கொப்பியை வையுங்கள்.

காலநிலை என்று பேச 30 வருடக் கணக்கு வேணும். ஆகவே கொப்பியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றின் பொறுப்பில் விடுங்கள், பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். மழைமானிக்குப் பக்கத்தில் மைப்பேனை எழுத்து ஒரு மாரிக்கும் தாங்காது.