மூளை ஸ்கேனைப் பார்த்ததும் செய்யக்கூடாதவை

கூடி வாழ்வதற்கு மூளை எப்படி உதவுகிறது என்று ஆராய வரும் புது மாணவர்களின் கட்டுரைகளை ஒவ்வொரு வருடமும் திருத்துகிறேன். நான் செய்த அதே அசட்டுத்தனங்கள்தான். பெயர்க் குழப்பம் போன்ற சில்லறைத் தவறுகள் தானாகச் சரியாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

ஸ்கேனிலிருந்து மனதைப் படிப்பது

இது இன்னும் எரிச்சலூட்டுகிறது. "இன்சுலா என்ற மூளைப்பகுதி செயல்பட்டது, ஆகவே அருவருப்படைந்தார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். அருவருப்பில் இன்சுலா செயல்படும், சரி. வலித்தாலும், சொந்த இதயத்துடிப்பைக் கவனித்தாலும் செயல்படும். மூளைப்பட ஆய்வுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் அது தலைகாட்டுகிறது. கண்ணீரைப் பார்த்ததும் துக்கம் என்று முடிவுகட்டினால் வெங்காயம் நறுக்குபவருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டிவரும். நரம்பியல் ஆய்வாளர் ரஸ்ஸல் போல்ட்ராக் 2006இலேயே, செயல்பட்ட பகுதியை வைத்து மனநிலையைச் சொல்லும் இந்தத் தலைகீழ் ஊகத்தைப் பற்றி விளக்கமாக எழுதிவிட்டார்.

அதைப் படித்த பிறகும் நான் விழுந்தேன் என்பதுதான் கொடுமை. முன்பின் தெரியாத முகங்களைக் காட்டினேன், பயத்தோடு சேர்த்துப் பேசப்படும் மூளைப்பகுதியான அமிக்டலா செயல்பட்டது, "அந்நியர் மீதான அச்சம்" என்று தலைப்பு வைத்துவிட்டேன். எட்டு மாத உழைப்பு. மதிப்பீட்டாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "பயமாக இருந்ததா என்று அவர்களிடம் கேட்டீர்களா?" கேட்கவில்லை. அமிக்டலா புதுமைக்கும் செயல்படும், சிரித்த முகத்துக்கும் செயல்படும். பங்கேற்றவர்களில் பாதிப்பேர் ஊரைவிட்டே போயிருந்தார்கள், முதலிலிருந்து தொடங்கினேன். ஸ்கேன் முடிந்து எழுந்ததும் நீட்ட ஒரு கேள்வித்தாள் போதுமாக இருந்திருக்கும். எந்தப் பகுதி, எதற்காகச் செயல்படும் என்ற கணிப்பையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் கண்ணாடி நியூரான்

ஒரு செயலைத் தானே செய்தாலும், பிறர் செய்வதைப் பார்த்தாலும் செயல்படும் நரம்புச் செல்கள்தான் கண்ணாடி நியூரான்கள். 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மாவில் மக்காக் குரங்குகளிடம் கண்டறிந்தவை இவை. அந்தக் குரங்குகளோ பிறரைப் பார்த்துச் செய்வதில் சுமார் ரகம். பரிவு, மொழி, பண்பாடு எல்லாவற்றையும் அந்த நியூரான்களின் தலையில் கட்டாதீர்கள்.

புள்ளியியல் திருத்தத்தைத் தவிர்ப்பது

செத்த சால்மன் மீனுக்கு மனிதர்கள் பழகும் படங்களைக் காட்டி ஸ்கேன் செய்தார்கள். ஸ்கேனில் ஆயிரக்கணக்கான இடங்களைச் சோதிக்கும்போது சில தற்செயலாகவே 'செயல்பட்டதாக'த் தெரியும். அதைக் களையும் திருத்தத்தைப் போடாதபோது அந்த மீனின் மூளையும் 'செயல்பட்டது'. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2012இல் அதற்குக் கிடைத்தது.

ஆக்சிடோசினை 'நம்பிக்கை ஹார்மோன்' என்பது

ஆக்சிடோசின் மூளையில் உருவாகும் ஒரு ஹார்மோன். அதற்கு அந்தப் பட்டம் வேண்டாம்.

பண்பாட்டு மையத்தைத் தேடுவது

அப்படி ஒன்று கிடையாது. வாசிப்பையே பாருங்கள். எழுத்து தோன்றி 5,000 ஆண்டுகளைச் சற்றுத் தாண்டியிருக்கும். அதற்கென்று ஓர் இடம் பரிணாமத்தில் உருவாக அவகாசமே இல்லை. ஆனாலும் வாசிக்கக் கற்றவர்களுக்கு இடது மூளையின் அடிப்பகுதியில், ஏற்கெனவே பார்வை வேலை செய்துவந்த ஒரு சிறு பகுதி எழுத்துக்குப் பழகிவிடுகிறது. எந்த எழுத்துமுறையைக் கற்றாலும் கிட்டத்தட்ட அதே இடம்தான்.