பழைய வண்டிக்குப் புதுச் செட்: ஃபியூஸ் எந்தப் பக்கம்?

போன வாரம் தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி பழைய டிஎக்ஸ் வேகன் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். செட் (பாட்டுப் போடும் ரேடியோ), ஆம்ப் (சத்தத்தைக் கூட்டும் பெட்டி), நான்கு ஸ்பீக்கர், பின்னால் ஒரு சப் (அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்), எல்லாம் அவரே பூட்டியது. "அண்ணே, மேட்டுல ஏறும்போது பாட்டுக்கு ஏத்த மாதிரி ஹெட்லைட் மங்குது, கொஞ்சம் பாருங்க" என்றார். பொனட்டைத் திறந்தேன். பெட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து விரல் மொத்தத்தில் ஒரு சிவப்பு வயர் நேராக உள்ளே போகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை.

"ஃபியூஸ் எங்க தம்பி?"

"ஆம்புக்குப் பக்கத்துல இருக்கு அண்ணே, சீட்டுக்கு அடியில."

ஹெட்லைட்டை அப்புறம் பார்க்கலாம் என்று முதலில் பெட்டரி முனையைக் கழற்றினேன். என் முதல் வண்டியில் நானும் அதே இடத்தில்தான் ஃபியூஸை வைத்தேன்.

மலையகத்து ஹட்டனில் வண்டிகளுக்குச் செட் பூட்டும் வேலையைச் செய்துவருகிறேன். தீபாவளிக்கும் தோட்டத்துத் திருவிழாக்களுக்கும் முன்னால் பழைய வேன், ஓட்டோ, கார் என்று செட் பூட்ட வந்து நிற்கும். அரைவாசிப் பேர் வீட்டிலேயே பூட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். ஸ்பீக்கர் வயரை மாற்றிக் கொடுப்பது, ஸ்க்ரூவை முறுக்க மறப்பது போன்றவற்றை நான் எழுதப்போவதில்லை. அவை அன்றைக்கே தெரிந்துவிடும். அன்றைக்குத் தெரியாமல் பிறகு வந்து காசைத் தின்பவை வேறு.

ஃபியூஸை ஆம்ப் பக்கம் வைப்பது

ஆம்புக்குள் போகும் வயரில் ஃபியூஸ் போடுவது ஆம்பைக் காப்பாற்றத்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆம்பிலேயே அதற்கென்று ஒரு ஃபியூஸ் இருக்கிறது. நாம் தனியாகப் போடுவது வயரைக் காப்பாற்ற. பெட்டரியிலிருந்து சீட்டுக்கு அடிவரை மூன்று, நான்கு மீட்டர் வயர் போகிறது. அது வழியில் எங்காவது தகரத்தில் உரசித் தோல் கிழிந்தால், பெட்டரி தன்னிடம் உள்ளதையெல்லாம் அந்த இடத்தில் கொட்டிவிடும். சின்னக் கார் பெட்டரிகூட ஷார்ட் ஆனால் சில நூறு ஆம்பியர் தரும். அந்த மின்சாரம் பின்னால் இருக்கும் ஃபியூஸ்வரை போவதே இல்லையே, அது எப்படி எரியும்?

எனக்கு நடந்தது அதுதான். நுவரெலியாவிலிருந்து இரவில் இறங்கிவருகிறோம். பக்கத்தில் மச்சான், பின் சீட்டில் அவருடைய மகள் தூங்குகிறாள். வெளியே தூறல். லிந்துலை தாண்டும்போது பிளாஸ்டிக் கருகும் வாசனை. பிரேக் சூடாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். "மச்சான், காலடியில புகை வருது" என்றார் அவர். ஓரமாக நிறுத்திச் சாவியை உருவிவிட்டேன். புகை நிற்கவில்லை. நேரே பெட்டரியிலிருந்து வரும் வயருக்குச் சாவி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஸ்பேனர் தேட நேரமில்லை. துவாயைக் கையில் சுற்றிக்கொண்டு பெட்டரி முனையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். அதற்குள் அந்தச் சிவப்பு வயர், தன்னோடு ஓடிய வண்டியின் சொந்த வயர்களையும் உருக்கி ஒரே கட்டியாக்கிவிட்டது.

காலையில் கழற்றிப் பார்த்தேன். என்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகரத்தில் நானே துளைத்த ஓட்டை. அதன் கூரான விளிம்பில் ரப்பர் புஷ் போடவில்லை. தோட்டத்து ரோட்டின் குலுக்கலில் தகரம் வயரை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. சீட்டுக்கு அடியிலிருந்த ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே கம்பி அறுபடாமல் புதிதுபோல இருந்தது. முழு வண்டிக்கும் மறுபடி வயரிங் செய்ய மூன்று வாரம் போனது. செட், ஆம்ப் இரண்டும் வாங்கிய காசைவிட அதற்குக் கூடுதலாகக் கொடுத்தேன். குழந்தை பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அந்த ஃபியூஸின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

ஆகவே ஃபியூஸ் பெட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். அளவை வயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நல்ல செம்பில் 8 கேஜ் (கேஜ் என்பது வயரின் தடிமன் எண்) வயர் என்றால் 50 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். ஃபியூஸ் அடிக்கடி எரிகிறது என்று பெரிதாகப் போடுகிறவர்கள், சிகரட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஃபியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். தகரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் புஷ் போட்டு, வயரின் மேல் வளையும் குழாயையும் மாட்டுங்கள்.

வாங்கும்போது வயரின் நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும். அதே மொத்தத்தில் செம்பு தாங்குவதை அது தாங்காது.

ஸ்பீக்கர் நெகட்டிவை வண்டித் தகரத்தில் சேர்ப்பது

இது பழைய வண்டிக்கே உரிய தவறு. அந்தக் காலத்துச் சில கார்களில் ஸ்பீக்கருக்கு ஒரு வயர்தான் வரும். மற்ற முனை வண்டித் தகரத்தில் சேர்ந்திருக்கும். இன்றைய செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் பெட்டரியின் பாதி வோல்ட் இருக்கும், இரண்டுமே உயிருள்ள வயர். அதில் ஒன்றைப் பழைய பழக்கப்படி தகரத்தில் தொட்டால் செட்டுக்குள் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் ஐசி போய்விடலாம். பழைய வயரை நம்பாமல் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரட்டை வயர் புதிதாக இழுங்கள். ஒரு பகல் வேலைதான்.

பேண்ட் எக்ஸ்பேண்டரை விட்டுவைப்பது

ஜப்பானில் எஃப்எம் வெகுகாலம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். இங்கே 108 வரை போகிறது. அதனால் அங்கிருந்து வந்த வண்டிகளின் ஏரியல் வயரில் பேண்ட் எக்ஸ்பேண்டர் என்ற ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, நம் அலைவரிசைகளைக் கீழே இறக்கியிருப்பார்கள். 108 வரை எடுக்கும் புதுச் செட்டுக்கு அது தேவையில்லை. இருந்தால் ஸ்டேஷன்கள் எல்லாம் இடம் மாறி நிற்கும். செட் பழுது என்று கடைக்கும் வீட்டுக்குமாக இரண்டு தடவை அலைந்த ஒருவருக்கு அந்தப் பெட்டியை உருவிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. மலை மறைத்த வளைவில் எஃப்எம் விட்டுவிட்டுப் போவதற்கு மட்டும் எந்தச் செட்டும் மருந்தல்ல.

ஆல்டர்னேட்டரை மறப்பது

தலவாக்கலைத் தம்பியின் ஹெட்லைட் இதனால்தான் மங்கியது. என்ஜின் ஓடும்போது வண்டிக்கு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். பழைய கார்களில் அது பெரும்பாலும் 50 ஆம்பியர் பக்கம்தான் தரும், என்ஜின் மெதுவாக ஓடும்போது அதுவும் வராது. பனியில் ஹெட்லைட்டுக்கு எட்டு ஒன்பது ஆம்பியர், வைப்பர், கண்ணாடிக்குக் காற்றடிக்கும் ஃபேன். அதற்கு மேல் 200 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) ஆம்ப் முழுச் சத்தத்தில் 25, 30 ஆம்பியர் கேட்கிறது. மெதுவாக ரம்பொடைப் பக்கம் ஏறும் வண்டி இதையெல்லாம் எங்கிருந்து கொடுக்கும்? ஆம்பைச் சின்னதாக்கச் சொன்னேன். தம்பிக்கு முகம் வாடிவிட்டது, ஆனால் ஒத்துக்கொண்டார்.

பெட்டியிலுள்ள வாட்ஸ்

ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்கள்.

கதவுக்குள் இருக்கும் பொலித்தீன்

கிழித்தால் திரும்ப ஒட்டுங்கள். கண்ணாடி வழியே இறங்கும் மழைத் தண்ணீர் ஸ்பீக்கரின் பேப்பர் கோனை ஊறவைத்துவிடும், நம் பக்கத்து மழைக்கு ஒரு பருவம் தாங்காது.

ஆம்பின் ரிமோட் வயர்

ஆம்பை எழுப்பவும் தூங்கவைக்கவும் உள்ள வயர் இது. செட்டின் நீலம்-வெள்ளை வயரில் மட்டும் கொடுங்கள். நேரடி 12 வோல்ட்டில் கொடுத்தால் ஆம்ப் இரவெல்லாம் விழித்திருக்கும், பெட்டரி இறங்கிவிடும். நுவரெலியாக் குளிரில் காலை ஐந்து மணிக்கு வண்டியைத் தள்ள ஆள் கிடைக்காது.

ஒரு மாதம் ஓடியபின்

தோட்டத்து ரோட்டில் ஓடும் வண்டியில் எந்த நட்டும் முறுக்கிய இடத்தில் நிற்பதில்லை. எர்த் போல்ட் (ஆம்பின் நெகட்டிவ் வயரைத் தகரத்தில் பூட்டும் போல்ட்), பெட்டரி முனை, ஃபியூஸ் ஹோல்டர் மூன்றையும் ஒரு மாதத்தில் திரும்ப முறுக்குங்கள். அதற்கு முன் ஹோல்டரைக் கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் பிடி தளர்ந்திருக்கிறது. என்னிடம் பூட்டியவர்களுக்கு இதை நான் காசு வாங்காமல் செய்து கொடுக்கிறேன். தலவாக்கலைத் தம்பி அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.