கிழட்டு எலியும் சாட்டைப்புழுவும்: சில தவறுகள்

"வயதான எலிகளில் புழு தங்கிவிட்டது ஐயா, எதிர்ப்புத் திறன் போய்விட்டது" என்று வரைபடத்தை நீட்டினார் ஒரு மாணவர். இளம் எலிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். போன மாதம் வாங்கியவையாம். பல ஆண்டுகளுக்கு முன்பு இதே பதிலை இதே மலர்ந்த முகத்தோடு நானும் சொல்லியிருக்கிறேன். வயதானால் குடற்புழுவை விரட்டும் திறன் குறைகிறதா என்று எலிகளில் ஆராய்பவர்கள் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன். கூண்டுக்கு எண் எழுதுங்கள் என்பது போன்ற பாலபாடங்களை விட்டுவிடுகிறேன்.

இளம் எலிகளைக் கடைசி நேரத்தில் வாங்குவது

சி57 பிளாக் 6 என்ற ஆய்வக இனத்து இளம் எலிக்கு, குடலில் வாழும் ஒட்டுண்ணியான சாட்டைப்புழுவின் முட்டைகள் 200 கொடுத்தால், ஏறக்குறைய மூன்று வாரத்தில் புழுக்களை வெளியேற்றிவிடும். இன்டர்லூகின் 13 என்ற நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதம் தூண்டுவதால் குடலின் உட்பரப்பு உயிரணுக்கள் விரைவாக உதிர்ந்து புதிதாகின்றன. பற்றியிருக்கும் புழுவும் சேர்ந்து கழன்றுபோகிறது. வயதான எலிகளுக்கு இது கைகூடுவதில்லை என்று 2002-இல் மான்செஸ்டரில் ஹம்ஃப்ரீஸும் கிரென்சிஸும் காட்டினார்கள்.

அதைத் தொடர்ந்து பார்க்க ஆசைப்பட்டு 18 மாதம் எலி வளர்த்தேன். தீபாவளியன்றுகூட தண்ணீர்ப் புட்டி மாற்றினேன். இளம் எலிகளை மட்டும் கடைசி வாரத்தில் ஒரு பண்ணையிலிருந்து வரவழைத்தேன். முட்டை கொடுத்த 35-ஆம் நாள் இளம் எலிகளில் ஒரு புழுவும் இல்லை. கிழடுகளில் இருபது, முப்பது இருந்தன. பூரித்துப்போனேன். ஆய்வுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "14-ஆம் நாள் எத்தனை?" நான் எண்ணவே இல்லை.

இந்தப் புழுவின் முட்டை பொரிய குடல் பாக்டீரியா அதன்மேல் ஒட்ட வேண்டும். பண்ணை எலியின் பாக்டீரியாவும் என் கூடத்தில் ஒன்றரை ஆண்டு கிடந்த எலியின் பாக்டீரியாவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அப்படியானால் இளம் எலி புழுவை விரட்டியதா, முட்டை பொரியவே இல்லையா? இன்னொரு சிக்கலும் உண்டு. இருபது முட்டை மட்டும் கொடுத்தால் இளம் எலியிலும் புழு தங்கிவிடும். என் கிழடுகளில் முட்டை குறைவாகப் பொரிந்திருந்தால் புழு தங்குவதற்கு அதுவே போதும், வயதுக்கு அங்கே வேலையே இல்லை. அத்தனை தரவும் குப்பைக்குப் போயிற்று. இப்போது நினைத்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை, அதுவும் அந்தத் தண்ணீர்ப் புட்டிகளை நினைத்தால்.

இரண்டு வயதினரையும் ஒரே கூடத்தில் பிறந்தவையாக வையுங்கள். முட்டை கொடுப்பதற்குச் சில வாரம் முன்பிருந்தே பாக்டீரியா ஒன்றாகும்படி கூண்டுகளின் படுக்கைத்தூளைக் கலந்து மாற்றுங்கள். 14-ஆம் நாளுக்கென்று இரு குழுவிலும் சில எலிகளை ஒதுக்கி, எத்தனை புழு குடியேறியது என்று எண்ணுங்கள். பிறகுதான் 21-ஆம் நாளும் 35-ஆம் நாளும்.

ஆறு மாத எலியைக் கிழடு என்பது

அது இன்னும் நடுவயதைக்கூட எட்டவில்லை.

ஆணையும் பெண்ணையும் ஒரே குழுவில் போடுவது

வேண்டாம்.

செத்தவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

20 மாதம் தாண்டுபவை திடமான எலிகள். நோயாளிகள் முன்பே போய்விட்டிருக்கும். எத்தனை செத்தன என்று எழுதுங்கள். கட்டி உள்ள எலியை நீக்கும் விதியைப் புழு எண்ணும் முன்பே எழுதிவையுங்கள், எண்ணிய பிறகு அல்ல.

எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்துவது

மனிதரில் உருளைப்புழுச் சுமை பள்ளி வயதில் உச்சம் தொட்டுப் பின் இறங்குகிறது. கொக்கிப்புழு பெரியவர்களிடமும் தாராளமாக இருக்கிறது. இறங்கினாலும் அது எதிர்ப்புத் திறனால்தான் என்று சொல்லிவிட முடியாது. பெரியவர்கள் மண்ணில் விளையாடுவதில்லை. காம்பியாவில் சிறுநீர்ப்பாதையைத் தாக்கும் நத்தைக்காய்ச்சலை (நீரில் இறங்குவோருக்குத் தொற்றும் புழு நோய்) ஆராய்ந்தவர்கள், யார் எவ்வளவு நீரில் இறங்கினார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகே, மறுதொற்று குறைவதை இம்யூனோகுளோபுலின் ஈ என்ற எதிர்ப்பொருளோடு தொடர்புபடுத்தினார்கள். 1991-இல் வந்த ஆய்வு அது.