ரெண்டு பேருக்கு ஃபில்டர் காபி: 1500 ரூபாய்க்குள்ள என்ன வாங்கலாம், எதை விட்டுடலாம்

ஊர்ல எங்க வீட்டுல ஆறு பேரு. அம்மா வச்சிருக்கறது பெரிய பித்தளை ஃபில்டர், ராத்திரியே டிகாக்ஷன் போட்டு வச்சுட்டா காலைல அஞ்சு மணிக்கு எல்லாருக்கும் காபி ரெடி. நானும் தம்பியும் வேலைக்காக சென்னை வந்து மேடவாக்கத்துல வீடு எடுத்தப்ப அதே ஞாபகத்துல பெருசா ஒரு எவர்சில்வர் ஃபில்டர் வாங்கிட்டேன். ரெண்டு பேருக்குப் பொடி போட்டா அது அடில மெல்லிசா பரவி நிக்குது, ஊத்துன தண்ணி ரெண்டே நிமிஷத்துல கடகடன்னு எறங்கிடுது, டிகாக்ஷன் டீத்தண்ணி கலர்ல வருது. மூணு வாரம் பொடியை மாத்தி மாத்திப் பாத்தேன். கோளாறு பொடில இல்ல, பாத்திரத்தோட அளவுல.

அதனால எதை வாங்கறதுக்கு முன்னாடியும் வீட்டுல ஒரு வேளைக்கு எத்தனை பேரு காபி குடிக்கறாங்கன்னு எண்ணிக்கோங்க. மத்ததெல்லாம் அதை வச்சுதான்.

படி 1: ஃபில்டர் அளவு

பொடியைப் போட்டு சமப்படுத்துனா மேல் பாத்திரத்துல (அடில ஓட்டை இருக்கறது, கீழ் பாத்திரத்து மேல உக்காரும்) ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு உயரத்துக்கு நிக்கணும். அப்பதான் தண்ணி பொடிக்குள்ள ஊறி நின்னு மெதுவா எறங்கும். ரெண்டு பேருக்கு 30 கிராம் பொடி, 150 மில்லி தண்ணி. பொடி தன் எடையப் போல ரெண்டு மடங்கு தண்ணிய உறிஞ்சி வச்சுக்கும், அதனால கைக்குக் கிடைக்கறது சுமார் 90 மில்லி டிகாக்ஷன், ஆளுக்கு 45. இதுக்கு மேல் பாத்திரம் 200லேருந்து 250 மில்லி புடிச்சாப் போதும். கடைல "நாலு கப்பு, ஆறு கப்பு"ன்னு சொல்லுவாங்க, அந்தக் கப்பு ஆளுக்கு ஆள் மாறும், நம்பாதீங்க. மேல் பாத்திரத்துல எவ்ளோ தண்ணி புடிக்கும்னு கேளுங்க. விருந்தாளி வந்தா ரெண்டு தடவை போட்டுக்கலாம், அதுக்காகப் பெருசு வேண்டாம்.

படி 2: கடைல கையில எடுத்துப் பாக்கறது

ஆன்லைன்ல வாங்கறதைவிட பாத்திரக் கடைக்கு நேர்ல போறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கறேன், ஏன்னா பாக்க வேண்டியது எதுவுமே போட்டோல தெரியாது. மேல் பாத்திரத்தைத் தூக்கி லைட்டுக்கு நேரா புடிங்க, எல்லா ஓட்டையும் ஒரே அளவுல, அடி முழுக்க பரவி இருக்கணும், சிலதுல நடுவுல மட்டும் இருக்கும். அப்புறம் உள்ள பொடி மேல வைக்கற குடையை (நடுவுல காம்பு வச்ச ஓட்டைத் தட்டு) விட்டுப் பாருங்க, எங்கயும் சிக்காம அடி வரைக்கும் நேரா எறங்கணும். கடைசியா மேல் பாத்திரத்தைக் கீழ் பாத்திரத்து மேல வச்சு லேசா திருப்புங்க. கொஞ்சம் லூசா சுத்தணும். இறுக்கமா உக்காந்தா நல்ல ஃபிட்டிங்னு நானும் நினைச்சேன், அது ஏன் தப்புன்னு கீழ சொல்றேன்.

பித்தளையா எவர்சில்வரான்னா, மொதல் ஃபில்டருக்கு எவர்சில்வர்தான். பித்தளை எனக்கு ரொம்பப் புடிக்கும், ஆனா உள்பக்கம் பூச்சு இருக்கான்னு பாக்கணும், தேஞ்சா மறுபடி பூசணும், வெளிய புளி போட்டுத் தேய்க்கணும். வேலைக்குப் போறவங்களுக்கு அது சிரமம்.

படி 3: பொடி

காபிக்கொட்டை அரைக்கற கிரைண்டர் வாங்காதீங்க, இப்ப வேண்டாம். மிக்சில கொட்டையை அரைச்சா பாதி ரவை மாதிரியும் பாதி மாவு மாதிரியும் வரும், அந்த மாவுதான் ஓட்டையை அடைக்கும். தெருவுக்குத் தெரு காபிப்பொடி கடை இருக்கற ஊர்ல இருக்கோம், கண்ணு முன்னாடி அரைச்சுத் தர்றாங்க, "ஃபில்டருக்கு"ன்னு சொன்னாலே போதும். பிபி (பீபெர்ரி), பிளான்டேஷன் ஏ, இது ரெண்டும் காபிக்கொட்டை ரகம். மொத்தப் பொடில சிக்கரி 20 பர்சன்ட், மிச்சக் காபில பிபி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, இதுல ஆரம்பிங்க.

சிக்கரி கலப்படம்னு சிலர் சொல்றாங்க, அப்படி இல்ல. அது ஒரு செடியோட வேரை வறுத்து அரைக்கறது, காஃபின் கெடையாது, டிகாக்ஷனுக்கு கெட்டியும் கருப்பும் கொடுக்கும். ஆனா அளவு முக்கியம். பாக்கெட் பொடில சிக்கரி எத்தனை பர்சன்ட்னு அச்சடிச்சே ஆகணும், காபி 51 பர்சன்டுக்குக் குறையக் கூடாதுங்கறது விதி. 53:47ன்னு போட்ட பாக்கெட்டும் விக்குது, அப்ப நீங்க வாங்கற பொடில கிட்டத்தட்ட பாதி சிக்கரிதான். பின்னாடி திருப்பிப் படிச்சுட்டு வாங்குங்க. ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல வாங்காதீங்க, காத்து புகாத டப்பால போடுங்க, வாசனை போயிட்டா எந்த ஃபில்டராலயும் திருப்பிக் கொண்டு வர முடியாது.

படி 4: டிகாக்ஷன் போடறது (நான் மாட்டுன எடம்)

பாத்திரம் காஞ்சிருக்கணும். பொடியைப் போட்டு லேசா தட்டி சமமாக்குங்க, குடையை மேல வைங்க, அதோட வெயிட் மட்டும் போதும், அழுத்தாதீங்க. தண்ணி கொதிச்சதும் அரை நிமிஷம் விட்டு, மொதல்ல ரெண்டு ஸ்பூன் அளவு மட்டும் சுத்தி ஊத்தி ஒரு நிமிஷம் ஊற விடுங்க. அப்புறம் மிச்சத்தை குடை மேல படற மாதிரி மெதுவா ஊத்தி மூடிடுங்க. 15லேருந்து 20 நிமிஷம்.

சின்ன ஃபில்டர் வாங்கி மொத நாள் இதெல்லாம் சரியா செஞ்சும் பத்து சொட்டு விழுந்து அப்படியே நின்னுடுச்சு. பொடி நைசா இருக்குன்னு நினைச்சு கொட்டிட்டு வேற பொடி போட்டேன், அதுவும் நின்னுச்சு. ஓட்டையை ஊசி வச்சுக் குத்தி சுத்தம் பண்ணேன், அப்பவும் அதேதான். ஊருக்குப் போன் பண்ணி கேட்டப்ப அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "மேல இருக்கறத லேசா தூக்கி விடு."

தூக்குனேன், பொலபொலன்னு கொட்டுச்சு. விஷயம் என்னன்னா, கீழ் பாத்திரத்துல சொட்டுச் சொட்டா டிகாக்ஷன் எறங்க எறங்க அங்க இருக்கற காத்து வெளிய போகணும். மேல் பாத்திரம் இறுக்கமா உக்காந்து, சந்துல ஈரமும் இருந்தா காத்துக்கு வழியில்ல, உள்ளயே மாட்டிக்கிட்டு மேல தள்ளுது, சொட்டு நின்னுடுது. அதனாலதான் லூசா சுத்தறதா பாத்து வாங்கச் சொன்னேன். இறுக்கமானதை ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா தூக்கிப் போட வேண்டாம், தண்ணி ஊத்துனதும் மேல் பாத்திரத்தை ஒரு நூல் அளவுக்கு சாய்ச்சு வைங்க, போதும். ஃபில்டர் சூடா இருக்கும், துணி வச்சுப் புடிங்க.

தூக்கியும் எறங்கலன்னா அடைப்பு. காலி மேல் பாத்திரத்துல தண்ணி ஊத்திப் பாருங்க, மழை மாதிரி அடி முழுக்க விழுந்தா சரி, ரெண்டு மூணு கோடா விழுந்தா பழைய பொடி உள்ள இருக்கு. பழைய டூத் பிரஷ் வச்சு வெளிப்பக்கம் இருந்து தேய்ங்க.

டிகாக்ஷனை அடுப்புல வச்சு சூடு பண்ணாதீங்க, கசந்துடும். பாலை நல்லா சூடா வச்சுக்கிட்டு அதுல டிகாக்ஷனை ஊத்துங்க.

மத்த சாமான் பத்தி

கிச்சன் ஸ்கேல் (கிராம் கணக்குல எடை பாக்கற சின்ன மிஷின்) வாங்குங்கன்னு அடிச்சு சொல்லுவேன். ஸ்பூன் கணக்கு தினமும் மாறும், ஸ்கேல் வந்த அப்புறம்தான் எங்க வீட்டுல தினமும் ஒரே மாதிரி காபி. நான் குடுத்த விலை: ஃபில்டர் 420, டபரா செட் ரெண்டு 300, டப்பா 150, ஸ்கேல் 400, மொதல் 200 கிராம் பொடி 200. மொத்தம் 1470.

மோகா பாட் (அடுப்புல வச்சா ஆவி அழுத்தத்துல தண்ணி பொடி வழியா மேல ஏறி காபியாகற பாத்திரம்) நல்ல சாமான், சின்னதா கெட்டியா காபி கிடைக்கும், கறுப்பா குடிக்கறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். ஆனா நம்ம கேஸ் அடுப்புக் கம்பில சின்ன பாட் நிக்காது, தனியா ஒரு வளையம் வாங்கணும், சிக்கரி இல்லாத பொடியும் தனியா வேணும். ஃபிரெஞ்ச் பிரஸ்ஸுக்கு (பொடியைத் தண்ணில ஊற வச்சு சல்லடையால கீழ அமுக்கற ஜாடி) கொரகொரன்னு அரைச்ச பொடி வேணும், டிகாக்ஷன் அளவுக்கு கெட்டி வராது. பேப்பர் வச்ச கரண்ட் மிஷினும் அப்படித்தான், பால் ஊத்துனா ருசி அமுங்கிடும். பால் காபிதான் உங்களுக்கு வேணும்னா இது மூணும் வேண்டாம்.

பின்னாடி சேர்த்தது: போர் தண்ணி இருக்கற வீட்டுல எப்படின்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. எங்க ஏரியாலயும் அதே உப்புத் தண்ணிதான், நான் காபிக்கு மட்டும் கேன் தண்ணி எடுக்கறேன். போர் தண்ணில போட்டா ருசி சப்புன்னு இருக்கு, ஓட்டையச் சுத்தி வெள்ளையா படியவும் செய்யுது. படிஞ்சுட்டா எலுமிச்சம்பழச் சாறு கலந்த வெந்நீர்ல அரை மணி நேரம் ஊற வச்சுத் தேய்ங்க.

இன்னொண்ணு, ஹாஸ்டல்ல அடுப்பே இல்லன்னு ஒரு தம்பி எழுதியிருந்தான். கரண்ட் கெட்டில் போதும்பா, அதுல தண்ணி மட்டும் கொதிக்க வை. பாலை அதுல ஊத்தாத, அடி புடிச்சுடும், பொங்கியும் வழியும். டம்ளர்ல பாலை ஊத்தி, அகலமான கிண்ணத்துல கொதிக்கற தண்ணி விட்டு அதுக்குள்ள அஞ்சு நிமிஷம் வை. ஆவி பறக்கற சூடு வராது, அதனால டிகாக்ஷன் எறங்கி முடிஞ்ச உடனே ஆறறதுக்குள்ள கலந்துடு.