ஊசிக்கு 2 கிராம்: இசைத்தட்டு கேட்க முதல் செட்டப்

புதுசா இசைத்தட்டுக்கு வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது, எந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கலாம்னு. அதை அப்புறம் பாத்துக்கலாமுங்க. கையில இருக்கிற டர்ன்டேபிளை, அதாவது தட்டு சுத்தற பிளேயரை, சரியா உக்கார வெச்சாலே பாதிக் குறை தீர்ந்துரும்.

இடத்துல இருந்து ஆரம்பிங்க. சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டை ஒட்டியே தறி ஓடும். அந்த அதிர்வு தரை வழியா ஊசிக்கு ஏறிரும். ஆடற மர ஸ்டாண்டை விட, சுவத்துல பதிச்ச கடப்பாக்கல் நல்லது. தறிக்குடோனோட பொதுச்சுவர் மட்டும் வேண்டாம். கொத்தனார் ரசமட்டத்தை வெச்சு மட்டம் பாருங்க. ஸ்பீக்கரை அதே கல்லு மேல வெச்சுராதீங்க.

அடுத்தது ஊசி எடை, அதாவது ஊசி தட்டை அழுத்தற எடை. இதுக்குத்தான் பொறுமை வேணும். ஆன்ட்டி ஸ்கேட்டை (ஊசி உள்பக்கமா இழுபடறதைத் தடுக்கற அமைப்பு) 0-ல வையுங்க. ஊசி மூடியைக் கழட்டி, கையை (ஊசியைத் தாங்கற டோன் ஆர்மைத்தான் சொல்றேன்) தட்டுக்கு வெளிய கொண்டு வந்து, கையைத் தூக்கற லிஃப்ட்டை இறக்கிருங்க. பின்னாடி இருக்கிற எடையைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பினா, ஒரு இடத்துல கை மேலயும் போகாம கீழயும் சாயாம அந்தரத்துல நிக்கும். இப்போ எடையை அசைக்காம, எண் போட்ட வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்க. அப்புறம் எடையும் வளையமும் சேர்ந்து சுத்தற மாதிரி முன்பக்கமாத் திருப்பி, உங்க கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி மாட்டியிருக்கிற பாகம்) கம்பெனி சொன்ன அளவுல நிறுத்துங்க. ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம். ஆன்ட்டி ஸ்கேட்டையும் 2-ல வெச்சுருங்க. எடை குறைஞ்சா தட்டு கெடாதுன்னு நெனைக்கிறாங்க, தப்பு. ஊசி பள்ளத்துல துள்ளித்தான் சுவரைக் கெடுக்கும்.

இந்த மாதிரி கார்ட்ரிட்ஜ்ல இருந்து வர்றது சில மில்லிவோல்ட்தான். தட்டு வெட்டும்போதே பேஸ்ங்கற கீழ்த்தொனியைக் குறைச்சு, ட்ரெபிள்ங்கற மேல்தொனியை ஏத்தித்தான் வெட்டறாங்க. அந்தச் சின்ன சிக்னலை ஏத்தி, இதையும் திருப்பிச் சரி பண்றது ஃபோனோ ப்ரீஆம்ப். டர்ன்டேபிள்லயோ ஆம்ப்லயோ ஏற்கெனவே இருந்தா தனியா வேண்டாம். ரெண்டுலயும் இருந்தா ஒண்ணை மட்டும் உபயோகிங்க, இல்லாட்டி ஒலி சிதறும். ம்ம்ம்னு இரைச்சல் வந்தா எர்த் ஒயர் மாட்டியிருக்கான்னு பாருங்க.

ரெண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம முக்கோணமா உக்காரணும். மொசைக் தரையில சத்தம் எதிரொலிச்சா, நடுவுல ஒரு கெட்டியான பவானி ஜமுக்காளத்தை விரிங்க. காசு கொடுத்து ஃபோம் ஒட்டறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது இது.

கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகள்ல தட்டு கெடைச்சா, தொடைக்காம ஓட்டாதீங்க. போர் தண்ணியில தொடைச்சா உப்பு படியும். பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிக்கங்க. தாத்தா காலத்து 78 தட்டு (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தறது) அரக்குல செஞ்சது, ஸ்பிரிட் பட்டா கரையும். அதோட பள்ளமும் அகலம், எல்பி (33 சுத்துத் தட்டு) ஊசி அதுக்கு ஒத்து வராது; 78-க்குன்னே தனி ஊசி விக்குது.